பிள்ளையை இரண்டு பக்கமும் ஆடும் சென்டராக வளர்ப்பது: ரொறன்ரோவில் ஹொக்கிக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

என் மகன் ஏழு வயதில் ஐஸ் ஹொக்கி தொடங்கினான். இப்போது அவனுக்குப் பதினான்கு. முதல் சில வருடங்கள் வலது விங். எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக் கோட்டருகே நின்று, பக் (ஸ்டிக்கால் அடிக்கும் வட்டமான ரப்பர்த் தட்டு) வரும்வரை காத்திருந்து, வந்ததும் கோல் பக்கம் ஓடுவதுதான் அவனுக்கு ஹொக்கி. இன்றைக்கு ஒரு கோல் வித்தியாசத்தில் அணி முன்னால் இருந்து, ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது, கோச் அவனைத்தான் சென்டராக இறக்குகிறார். இந்த இடத்துக்கு வர நாங்கள் தேவையில்லாமல் கட்டிய காசும் தவறவிட்ட தேதிகளும் கொஞ்சமல்ல. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது ஐஸில் இறங்குகிறார்கள். அந்தப் பெற்றோர் நாங்கள் பட்டதைப் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். ஹொக்கியில் முன்னால் ஆடுபவர்கள் மூவர்: இடது விங், வலது விங், நடுவில் சென்டர். விங்கில் நிற்பவர் தன் பக்கத்தைப் பார்த்தால் போதும். சென்டருக்கு ஐஸின் இரண்டு முனையும் பொறுப்பு. தாக்கும்போது பாஸ் கொடுக்க வேண்டும்; பக் பறிபோன அடுத்த விநாடி திரும்பி ஓடிவந்து, தன் கோலுக்கு முன்னால் இரண்டு டிபென்ஸுக்கும் (பின்னால் நின்று தடுப்பவர்கள்) மூன்றாவது ஆளாக நிற்க வேண்டும். இரண்டையும் நம்பிக்கையாகச் செய்பவரைத்தான் இங்கே 'டூ-வே சென்டர்' என்கிறார்கள். கிரிக்கெட்டில் நல்ல ஓல்ரவுண்டருக்கு அணியில் எப்படி எப்போதும் இடம் இருக்குமோ, அப்படித்தான் இதுவும்.

கீழே நான் சொல்லும் காசுக் கணக்கெல்லாம் கனேடிய டொலரில், எங்கள் வீட்டிலும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் வீட்டிலும் செலவானது. பிள்ளைகளைப் பதிவுசெய்யும் உள்ளூர் ஹொக்கிச் சங்கத்துக்குச் சங்கம் அது மாறும்.

1. வயதுப் பிரிவும் தேதிகளும்

நாட்டின் ஹொக்கி அமைப்பான ஹொக்கி கனடா பிள்ளைகளைப் பிறந்த வருடத்தை வைத்துப் பிரிக்கிறது: யு7 (ஏழு வயதுக்குக் கீழ்), யு9, யு11, யு13, யு15, யு18. சீசன் நடுவில் வரும் டிசம்பர் 31 அன்று பிள்ளைக்கு எத்தனை வயது என்பதுதான் கணக்கு. 2025-26 சீசனில் யு11 என்றால் 2015, 2016இல் பிறந்தவர்கள். நவம்பர், டிசம்பரில் பிறந்த பிள்ளை தன் வருடத்திலேயே சின்னப் பிள்ளையாக இருக்கும். ஜனவரியில் பிறந்தவனோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். பத்து வயதில் பதினொரு மாதம் பெரிய இடைவெளி.

தேதிகள்தான் புதியவர்களை அதிகம் விழுத்துவது. ஆட்டங்கள் செப்டெம்பர் கடைசியில் அல்லது ஒக்டோபரில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை போகும். ஆனால் தேர்வில்லாமல் எல்லோரும் சேரக்கூடிய ஹவுஸ் லீக்கின் பதிவு பல சங்கங்களில் வசந்த காலத்திலேயே திறந்துவிடும். 'பள்ளிக்கூடம் தொடங்கட்டும், பார்ப்போம்' என்று இருந்தால் காத்திருப்போர் பட்டியல்தான். எங்கள் முதல் வருடம் அப்படித்தான் வீணாகப் போனது. அதற்கு மேலே படிப்படியாக உள்ள ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ போட்டி அணிகளுக்கான தேர்வு ரொறன்ரோப் பகுதியில் அடுத்த சீசனுக்காக முன்கூட்டியே வசந்தத்தில் நடக்கும். அதாவது இந்த சீசன் முடிந்து மூச்சு விடுமுன் அடுத்ததற்கு ஓடவேண்டும். பெப்ரவரியிலேயே உங்கள் சங்கத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துத் தேதிகளைக் குறித்துவையுங்கள்.

2. ஆவணங்கள்

இவற்றை ஒரே கோப்பில் போட்டு, போனிலும் படமெடுத்து வையுங்கள்: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வசிப்பிடத்துக்கான ஆதாரம், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையென்றால் குடிவரவு ஆவணம் அல்லது குடியுரிமைச் சான்று. பிறப்புச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ மட்டும் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பை முன்பே எடுத்துவையுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதற்காகவே மூன்று வாரம் அலைந்தது. பிள்ளை வேறு நாட்டில் பதிவுசெய்து ஹொக்கி ஆடியிருந்தால், அந்த நாட்டிலிருந்து மாற்றல் அனுமதியும் கேட்பார்கள். அதற்கு நாள் எடுக்கும், ஆகவே முதல் தொலைபேசி அழைப்பிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

வசிப்பிட ஆதாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மில் பலர் உறவினர் வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்போம், பில்கள் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில் வரும். எங்களை ஒரு சங்கம் இதற்காகத் திருப்பி அனுப்பியது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிவையுங்கள், வங்கிக் கூற்றையும் அந்த முகவரிக்கு மாற்றுங்கள்.

பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பெற்றோரில் ஒருவராவது 'ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட்' என்ற இணையவழிப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம், சிறு கட்டணம். இதை முடிக்காமல் பதிவு நகராது. அதோடு ஒன்ராறியோவில் ரோவன் சட்டம் 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, அதிலிருந்து மீளுமுன் மறுபடி அடிபட்டு 2013இல் இறந்த பதினேழு வயதுப் பெண்ணின் பெயரில் வந்த சட்டம் அது. தலைக்காயம் பற்றிய குறிப்பை நீங்களும் பிள்ளையும் ஒவ்வொரு வருடமும் படித்து உறுதிப்படுத்த வேண்டும். கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடாமல், பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி உண்மையாகவே வாசியுங்கள். சென்டர் ஆடுகிறவன் கோலுக்கு முன்னால், கூட்டத்துக்குள்தான் அதிக நேரம் நிற்பான்.

மகள் என்றால் ஒன்ராறியோ மகளிர் ஹொக்கிச் சங்கத்தின் கீழ் தனி அணிகள் உண்டு. அங்கே பதிவு வேறு, தேர்வுத் தேதிகளும் வேறு.

3. சாமான்களும் காசும்

ஹவுஸ் லீக் பதிவுக்கு எங்களுக்கு 600 முதல் 900 டொலருக்குள் போனது. ஏ நிலைக்குப் போனதும் அது சில ஆயிரமாகியது. டிரிபிள் ஏ ஆடும் பிள்ளைகளின் பெற்றோர், பயணமும் சுற்றுப்போட்டியும் சேர்த்து அதைப்போல் சில மடங்கு கட்டுகிறார்கள். உங்கள் மாத வருமானத்தை வைத்துக்கொண்டு நேர்மையாகக் கணக்குப் பாருங்கள். கடன்பட்டு டிரிபிள் ஏ ஆட வைப்பதால் பிள்ளை நல்ல சென்டராகிவிடுவதில்லை. ஏன் என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

சாமான் பட்டியல்: தலைக்கவசமும் முழு முகக்கூண்டும், கழுத்துக் காப்பு, பல் காப்பு, தோள், முழங்கை, கால் காப்புகள், கையுறை, ஹொக்கிக் காற்சட்டை, இடுப்புக் காப்பு, ஸ்கேட், ஸ்டிக். எல்லாம் புதிதாக வாங்கினால் ஆயிரம் டொலரைத் தொடும். பழையதாக வாங்கினால் முந்நூறு, நானூறில் முடிக்கலாம், பிள்ளை ஒரே வருடத்தில் வளர்ந்தும்விடும். தோள் காப்பும் காற்சட்டையும் பழையதாக இருக்கலாம். தலைக்கவசம் மட்டும் புதிது வாங்குங்கள். அதில் சிஎஸ்ஏ என்ற பாதுகாப்புத் தர ஒட்டு இருக்க வேண்டும். கழுத்துக் காப்பில் பிஎன்கியூ என்ற தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கேட் விஷயத்தில் நம் ஆட்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு: 'வளருகிற பிள்ளைதானே' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. நானும் செய்தேன். ஸ்கேட் பொதுவாகச் சப்பாத்தைவிட ஒன்று, ஒன்றரை சைஸ் சிறிதாக இருக்கும். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்னால் லேசாகத் தொடவேண்டும், முழங்காலை மடித்தால் குதி பின்னால் ஒட்டவேண்டும். பெரிய ஸ்கேட்டில் கணுக்கால் ஆடும். கணுக்கால் ஆடுகிறவனால் நின்று திரும்ப முடியாது, நின்று திரும்ப முடியாதவனால் சென்டர் ஆட முடியாது. இன்னொன்று: புது ஸ்கேட் கடையிலிருந்து தீட்டப்படாமல்தான் வரும். முதல் நாள் ஐஸில் இறங்குமுன் தீட்டுங்கள். பத்துப் பதினைந்து மணி நேரம் ஆடியபின் மறுபடி தீட்டவேண்டும், பத்து டொலர் அளவில் முடியும்.

ஸ்டிக் நீளம், ஸ்கேட்டோடு நிற்கும்போது நாடி அளவுக்கு வரவேண்டும். அது எவ்வளவு வளையும் என்பதற்கு ஓர் எண் போட்டிருப்பார்கள். பிள்ளையின் எடை பவுண்டில் எவ்வளவோ அதில் பாதி அளவு என்பது பொதுக் கணக்கு. இருநூறு டொலர் ஸ்டிக் வேண்டவே வேண்டாம். ஐம்பது, அறுபது டொலர் ஸ்டிக்கில் என் மகன் மூன்று சீசன் ஆடினான்.

காசு முட்டினால் கூச்சப்படாமல் உதவி கேளுங்கள். கனேடியன் டயரின் ஜம்ப்ஸ்டார்ட், கிட்ஸ்போர்ட், ஹொக்கி கனடா அறக்கட்டளையின் அசிஸ்ட் நிதி ஆகியவை இதற்காகவே இருக்கின்றன. உதவி உங்கள் கைக்கு வராது, நேராகச் சங்கத்துக்குப் போகும். அதனால் காசைக் கட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்காதீர்கள், முதலில் விண்ணப்பியுங்கள். ரொறன்ரோ நகரத்தின் 'வெல்கம் பொலிசி' மூலம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு நகரத்தின் ஸ்கேட்டிங் வகுப்புக் கட்டணத்துக்கும் உதவி கிடைக்கும். பிள்ளைகளின் விளையாட்டுச் செலவுக்கு வருமான வரியில் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. அந்த மத்திய அரசுச் சலுகை 2017 வரி ஆண்டிலிருந்து இல்லாமல் போய்விட்டது.

4. இடம் பிறகு, ஸ்கேட்டிங் முதலில்

யு7, யு9 வயதில் பிள்ளைகள் பாதி ஐஸில்தான் ஆடுவார்கள். அந்த வயதில் 'என் பிள்ளை சென்டர்' என்று சொல்வதில் பொருளில்லை, எல்லா இடத்திலும் ஆடட்டும். முழு ஐஸ் வந்தபிறகுதான் இடம் என்ற பேச்சே வரும். அதற்குள் அவனுக்கு வரவேண்டியவை நான்கு: இரண்டு பக்கமும் திரும்பி நிற்பது, பின்னோக்கி ஸ்கேட் செய்வது, முன்னிருந்து பின்னுக்கு வேகம் குறையாமல் மாறுவது, தலையை நிமிர்த்திப் பக்கைக் கொண்டுபோவது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் நிற்க வரும், மறுபக்கம் வராது. என் மகனுக்கு இடது பக்கம் வரவில்லை. அதனால் எப்போதும் பெரிய வளைவு போட்டுத் திரும்புவான். அந்த வளைவுக்குள் எதிராளி கோலடித்துவிடுவான். இதைச் சரிசெய்யத் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் எட்டு வார வகுப்புக்கு 1,400 டொலர் கட்டினோம். அவர்கள் எட்டு வாரமும் கூம்புகளுக்கு நடுவே பக்கை ஆட்டிக்காட்டப் பழக்கினார்கள். பார்க்க வடிவாக இருந்தது. நிற்க மட்டும் வரவில்லை. கடைசியில் அது வந்தது, டிசம்பர் முழுக்க வீட்டுக்குப் பக்கத்து வெளிப்புற ஐஸ் மைதானத்தில், காசில்லாமல். நகரத்தின் வெளி மைதானங்கள் நவம்பர் கடைசி முதல் மார்ச் நடுவரை திறந்திருக்கும், வயதுவாரியாக ஷின்னி (அணி, கோச் இல்லாமல் சும்மா ஆடும் ஹொக்கி) நேரமும் உண்டு. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் இருபது தடவை இடது பக்கமாக நிற்பது. அவ்வளவுதான். தனிப் பயிற்சிக்குக் காசு கட்டுவதென்றால் ஸ்கேட்டிங்குக்குக் கட்டுங்கள். முதல் வகுப்பை நின்று பாருங்கள், பிள்ளை அதிக நேரம் வரிசையில் நிற்கிறானென்றால் வெளியே வந்துவிடுங்கள்.

5. எழுத்தைப் பார்க்காமல் ஆடும் நேரத்தைப் பாருங்கள்

ஹவுஸ் லீக், அதில் நன்றாக ஆடுபவர்களைத் தெரிந்தெடுக்கும் செலெக்ட், ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று படிகள் ஏறும். பெற்றோர் கூடும் இடத்தில் 'உங்கள் மகன் எதில்?' என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லவேண்டும் என்பதற்காக ஒரு வருடம் மகனை ஒரு படி மேலே உள்ள அணியில் சேர்த்தேன். நான்காவது வரிசையில் (மூவர் மூவராக மாறி மாறி இறங்கும் குழுவை வரிசை என்பார்கள்) விங், ஆட்டத்துக்கு ஆறேழு தடவைதான் ஐஸ். சென்டராக ஒரு தடவைகூட இல்லை. அடுத்த வருடம் ஒரு படி கீழே வந்தோம். முதல் இரண்டு வரிசையில் சென்டர், முன்னிலையைக் காக்கவேண்டிய நேரத்திலும் அவன்தான். அந்த ஒரு வருடத்தில் கற்றதுதான் அவனை இன்று நிறுத்தியிருக்கிறது.

தேர்வுக்குப் போகுமுன் கோச்சிடம் இவற்றைக் கேளுங்கள்: எத்தனை சென்டர் எடுக்கிறீர்கள்? என் பிள்ளையை எந்த இடத்தில் பார்க்கிறீர்கள்? வாரத்தில் எத்தனை பயிற்சி, எத்தனை ஆட்டம்? ஆட்டத்தைவிடப் பயிற்சி அதிகமுள்ள அணி என்றால் கொஞ்சம் தூரம் ஓடினாலும் பரவாயில்லை. தேர்வுக் கட்டணம் ஒரு தடவைக்கு இருபது டொலர் அளவில் வரும். ஐந்தாறு அணிக்கு ஓடினால் அதுவே ஒரு செலவு. ஒப்பந்தப் படிவம் நீட்டினால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். காசைத் திருப்பித் தரும் விதி என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

தெரிவாகாவிட்டால் பிள்ளை அழுவான், அழட்டும். ரொறன்ரோப் பகுதியில் வளர்ந்த அந்தனி சிரெல்லியின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். இளையோர் ஆடும் ஒன்ராறியோ ஹொக்கி லீக் தெரிவில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஒஷாவா அணியின் முகாமுக்குப் போய் இடம் பிடித்தார். கனடாவின் இளையோர் லீக்குகளின் உச்சப் போட்டியான மெமோரியல் கிண்ணத்தின் 2015 இறுதியாட்டத்தில் ஒஷாவா 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் அவருடையவை. பிறகு என்எச்எல் என்ற தொழில்முறை லீக்கில், டம்பா பே அணியின் சென்டராக, 2020, 2021 இரண்டு வருடமும் அதன் ஸ்டான்லி கிண்ணம் வென்றார். அவருடைய பெயர் எதிரணி அடிக்கும் கோல்களைத் தடுப்பதற்காகத்தான் அதிகம் பேசப்படுகிறது.

6. விங்கிலிருந்து சென்டருக்கு மாறக் கேட்பது

ஆட்டம் முடிந்த உடனே உடைமாற்றும் அறை வாசலில் பிடித்துக் கேட்காதீர்கள். பல அணிகளில் ஆட்டம் முடிந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குக் கோச்சிடம் முறைப்பாடு பேசக்கூடாது என்று விதியே இருக்கும். மறுநாள் மின்னஞ்சல் போடுங்கள். 'ஏன் சென்டர் கொடுக்கவில்லை' என்று கேட்காமல், 'சென்டர் ஆட அவன் எதைத் திருத்த வேண்டும்' என்று கேளுங்கள். பத்து வயது தாண்டிய பிள்ளை என்றால் அவனே நேரில் கேட்பது இன்னும் நல்லது. என் மகன் கேட்டபோது கோச் இரண்டே விஷயம் சொன்னார்: 'பக் போனதும் நிற்காதே. முதலில் திரும்பி வா.' அதை ஒரு தாளில் எழுதி ஹொக்கிப் பைக்குள் ஒட்டிவைத்தோம். சீசனின் முதல் பாதியில் கேளுங்கள். பெப்ரவரியில் கேட்டால் இறுதிச் சுற்று நேரம், யாரும் மாற்றிப் பார்க்கமாட்டார்கள்.

7. உண்மையான வேலை

இதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்கவேண்டிய பகுதி.

தன் கோல் பக்கம். எதிரணி பக்கோடு உள்ளே வந்ததும் புதுச் சென்டர் செய்யும் முதல் தவறு, பக் இருக்கும் மூலைக்கு ஓடுவது. அங்கே ஏற்கெனவே டிபென்ஸ் இருப்பார். மூன்று பேர் மூலைக்குள் மாட்டிக்கொண்டால் கோலுக்கு நேர் முன்னாலுள்ள இடம், ஸ்லொட் என்பார்கள், காலியாகிவிடும். கோல் விழுவது அங்கிருந்துதான். பிள்ளைக்கு ஒரே விதி: எதிராளிக்கும் நம் கோலுக்கும் நடுவில் உன் உடம்பு இருக்கட்டும், ஸ்டிக்கின் நுனி ஐஸில், பாஸ் போகும் பாதையில் இருக்கட்டும். பக்கையே பார்த்துக்கொண்டு நிற்காமல் இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை தோளுக்கு மேலால் பின்னே பார்க்கவேண்டும். வளைந்து சுற்றாமல் நின்று, திரும்பி, புறப்படவேண்டும். முன்பு சொன்ன இருபது தடவை நிற்பது இங்கேதான் பயன்படும்.

திரும்பி ஓடிவருவது. பக் வைத்திருப்பவனைத் துரத்திப் பிடிக்க எல்லாப் பிள்ளைக்கும் ஆசை. அவனை டிபென்ஸ் பார்த்துக்கொள்வார். சென்டர் ஐஸின் நடுவால் வந்து, பின்னால் தனியாக வரும் எதிராளியைத் தேடிப் பிடிக்கவேண்டும். முதல் மூன்று அடி முழு வேகத்தில் இருக்கவேண்டும். அந்த மூன்று அடியில்தான் எல்லாம் தீர்மானமாகும்.

வெளியே எடுப்பது. நம் டிபென்ஸிடம் பக் கிடைத்த உடனே நீலக் கோட்டைப் பார்த்து ஓடக்கூடாது. கீழேயே இருந்து, கோலுக்குப் பக்கத்திலிருந்து பக் உள்ள பக்கமாக வளைந்து வேகமெடுத்து, குறுகிய பாஸுக்கு ஆளாக வரவேண்டும். என் மகன் இதைக் கற்க ஒரு முழு சீசன் ஆனது. கோலடிக்கும் ஆசையுள்ள பிள்ளைக்கு இதுதான் மிகக் கடினம். பக்கை விட்டு விலகி ஓடப் பழகியவன் பக்கைத் தேடிக் கீழே வரவேண்டும்.

எதிரணிப் பக்கம். மூன்று முன்வரிசையினரும் கோலுக்குப் பின்னால் போய்விடக்கூடாது. ஒருவர் கோலுக்கு இருபுறமும் வரைந்திருக்கும் வட்டங்களின் மேல்முனையில், நீலக் கோட்டுப் பக்கமாக, நிற்கவேண்டும். நம் டிபென்ஸ் நீலக் கோட்டை விட்டு உள்ளே இறங்கினால் அவருடைய இடத்தை நிரப்பவும் வேண்டும். யார் அந்த மூன்றாவது ஆள் என்பது அந்தந்த நேரத்தில் மாறும், ஆனால் யாரும் நிற்காவிட்டால் சென்டர் நிற்கவேண்டும்.

பேஸ்-ஓஃப். நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடக்கும்போது இரண்டு சென்டரும் அதற்குப் போட்டியிடுவது. கீழ்க் கையை ஸ்டிக்கில் நன்றாக இறக்கிப் பிடி, காலை அகட்டி வை, எதிராளியின் ஸ்டிக்கைப் பார்க்காமல் நடுவரின் கையைப் பார். இதை ஐஸில்லாமலே பழகலாம். எங்கள் வண்டிக் கொட்டகைத் தரையில் டேப்பால் ஒரு சிலுவைக் குறி ஒட்டி, இரவுச் சாப்பாட்டுக்குமுன் முப்பது தடவை நான் பக்கைப் போடுவேன். பேஸ்-ஓஃப் தோற்றால் அடுத்து என்ன என்பதையும் சேர்த்துப் பழக்குங்கள்: தோற்ற உடனே எதிர்ச் சென்டரைத் தன் உடம்பால் மறித்து, கோல் பக்கம் நிற்பது. நம் கோல் பக்கத்தில் தோற்றுவிட்டுத் தலையைத் தொங்கப்போடும் இரண்டு விநாடிக்குள் எத்தனையோ கோல் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாறும் நேரம். ஒரு தடவை இறங்கினால் நாற்பது, நாற்பத்தைந்து விநாடி. அதற்குமேல் நின்றால் திரும்பி ஓடிவரக் கால் வராது. களைத்தபின் ஐஸில் நிற்பதை வீரம் என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள்.

8. வீட்டில் எதை எண்ணுவது

எங்கள் வீட்டில் ஒரு கோலுக்கு ஐந்து டொலர் என்று வைத்திருந்தேன். நான் செய்த பெரிய பிழை அதுதான். பாஸ் கொடுக்கவேண்டிய இடத்தில் மகன் தானே அடித்தான். திரும்பி ஓடவேண்டிய நேரத்தில் அடுத்த கோலுக்காக முன்னால் நின்றான். காசை நிறுத்திவிட்டு, ஒரு சின்னக் கொப்பியில் நான்கு விஷயம் குறிக்கத் தொடங்கினோம்: வென்ற பேஸ்-ஓஃப், ஸ்டிக்கால் தடுத்த பாஸ், முழு வேகத்தில் திரும்பிவந்த தடவைகள், அவன் ஐஸில் நிற்கும்போது எதிரணிக்கு ஸ்லொட்டிலிருந்து கிடைத்த அடிகள். இரண்டு மாதத்தில் அவனே ஆட்டம் முடிந்து வண்டியில் ஏறியதும் கொப்பியைக் கேட்டான். அன்றைக்கு அவன் ஒரு கோலும் அடிக்கவில்லை.

பெரியவர்கள் ஆடுவதைப் பார்க்கும்போது பக்கைப் பார்க்கவேண்டாம், ஒரே ஒரு சென்டரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தற்காப்பில் சிறந்த முன்வரிசை வீரருக்கு என்எச்எல் கொடுக்கும் செல்கி விருதை ஆறு தடவை வாங்கியவர் பொஸ்டனின் பட்ரிஸ் பெர்ஜரோன். அவருடைய பழைய ஆட்டங்களின் காணொளிகள் நிறையக் கிடைக்கும். புளோரிடாவின் அலெக்சாண்டர் பார்கோவ் 2021, 2024, 2025 என மூன்று தடவை வாங்கியிருக்கிறார். இன்னொரு என்எச்எல் சென்டர் ரையன் ஓரைலியைப் பாருங்கள். 2013-14 சீசன் முழுக்க அவருக்கு விழுந்த தண்டனை இரண்டே நிமிடம். தடுப்பதற்கு அடிக்கவோ இழுக்கவோ தேவையில்லை, ஸ்டிக் சரியான இடத்தில் இருந்தால் போதும் என்று பிள்ளைக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மகளுக்கு மாரி-பிலிப் பூலான். 2010, 2014, 2022 ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம் தந்த கோல்களை அடித்தவர், தன் கோல் பக்கம் ஓடிவருவதிலும் அதே அளவு உழைப்பவர்.

நேரில் பார்க்க, ரொறன்ரோவின் என்எச்எல் அணியான லீஃப்ஸின் ஆட்டத்துக்குக் காசு கொட்டவேண்டாம். ஒஷாவாவுக்குப் போய் ஒன்ராறியோ லீக் ஆட்டம் பாருங்கள், கோலுக்குப் பின்னால் உயரமான இருக்கையில் இருங்கள். சென்டர் ஐஸில் போடும் பாதை முழுக்க அங்கிருந்து தெரியும்.

9. எவ்வளவு காலம் எடுக்கும், எங்கே கவனம் வேண்டும்

எங்களுக்கு நான்கு சீசன். யு11இல் சென்டர் ஆடத் தொடங்கினான். முதல் சீசன் முழுக்கக் குழப்பம், புள்ளிகளும் குறைந்தன. இரண்டாவதில் எங்கே நிற்பது என்று தெரிந்தது, ஆனால் வந்துசேரத் தாமதமானது. மூன்றாவதில் வந்துசேர்ந்தான். நான்காவதில்தான் கோலும் திரும்பி வந்தது. அந்த முதல் சீசனில் பல பெற்றோர் பயந்து பிள்ளையைத் திரும்ப விங்குக்கு இழுத்துவிடுகிறார்கள். ஒரு சீசனைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

உடல் மோதல் யு13 வரை கிடையாது. அதற்குமேல் எந்த நிலையில் உண்டு என்பது லீக்குக்கு லீக் மாறும், ஹவுஸ் லீக்கில் கிடையாது. மோதல் உள்ள நிலைக்குப் போகுமுன் கோடையில் அதற்கென்று நடக்கும் பயிற்சியில் சேருங்கள். தலைகுனிந்து பக்கைத் தேடும் சென்டருக்குத்தான் முதலில் அடிபடும். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தால் அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. மருத்துவரின் அனுமதிக் கடிதம் இல்லாமல் திரும்ப இறக்காதீர்கள், இறுதியாட்டமாக இருந்தாலும்.

கோடையில் ஒரு மாதமாவது ஐஸை விட்டுவிடுங்கள். காற்பந்தோ கூடைப்பந்தோ ஆடட்டும். கோடை லீக், கோடை முகாம் என்று மின்னஞ்சல்கள் ஏப்ரலிலிருந்தே வந்து குவியும், ஒவ்வொன்றும் நானூறு, ஐந்நூறு டொலர். ஒன்றைத் தெரிவுசெய்வதென்றால் ஓகஸ்ட் கடைசியில் வரும் ஸ்கேட்டிங் முகாமைத் தெரிவுசெய்யுங்கள், சீசனுக்குக் கால் தயாராக இருக்கும்.

சீசனின் கடைசிப் பயிற்சி நாளன்று கோச்சிடம் ஒரு பக்க மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே கிழமை பிள்ளையின் கால் அளவை எடுங்கள், பழைய ஸ்கேட்டை விற்பனைக்குப் போடுங்கள், ஆவணக் கோப்பைத் திறந்து எது காலாவதியாகிறது என்று பாருங்கள். அடுத்த பதிவு அதற்குள் திறந்திருக்கும்.